குணம் அண்ணையும் துரையும்

குணம் அண்ணை போய்விட்டார். ஞாயிறு காலை. மாரடைப்பு.

வெள்ளி பின்னேரம் என்னோடு நின்று பாத்திரம் கழுவிய மனிசன்... "திங்கள் பாப்பம் பிள்ளை" என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போன மனிசன். அப்படி என்ன அவசரம் அண்ணை உங்களுக்கு? எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது.

தெரியாதவர்களுக்காக... ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். முதல் நாளே "நீ எவடம் பிள்ளை?" என்று கேட்டார். பீலெஃபெல்டில் பிறந்தனான் என்றேன். "பறவாயில்லை, அதுவும் ஊர்தானே" என்றார்.

அவர், மனைவி ராணி அக்கா, பிறகு துரை. அதுதான் குடும்பம்.

துரை ஒரு தாடி ஓணான். ஜெர்மன்காரர் பார்டகாமெ என்பார்கள். முழங்கை நீளம், கழுத்தைச் சுற்றி முள்ளுத் தாடி. மேல்வீட்டுப் பெண் வீடு மாறும்போது "கொஞ்ச நாளைக்கு வைத்திருங்கோ" என்று கண்ணாடிப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனவள், திரும்பி வரவேயில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. துரை பிள்ளையாகிவிட்டார். யாராவது "அது" என்று சொன்னால் அண்ணையின் முகம் மாறிவிடும்.

எறிகிற சலாட் இலைகளை ஷெஃப்பிடம் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்துக் கொண்டுபோவார். சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, துரை வெட்டுக்கிளி தின்னும் வீடியோ காட்டுவார். "ஐயோ அண்ணை, என்னைச் சாப்பிட விடுங்கோ!" என்று கத்துவேன். கேட்டால்தானே...

முதல்முறை வீட்டுக்குப் போனபோது துரை என்னைப் பார்த்து ஒரு கையை மெல்லத் தூக்கி ஆட்டினார். "பாத்தியோ, உனக்கு வணக்கம் சொல்லுறார்" என்றார் அண்ணை. நான் உடனே கூகுள் பண்ணி, "இல்லை அண்ணை, நான் சின்ன ஆள், என்னோட சண்டைக்கு வராதே எண்டு சொல்லுதாம்" என்றேன். "வணக்கத்துக்கும் அதுதானே அருத்தம்?" என்றார்.

அவருடைய கறுப்புப் பனித்தொப்பியைக் கண்டால் துரைக்கு ஆகாது. தாடி கறுத்து, தலை மேலும் கீழும் ஆடும். அதனால் எந்தக் குளிரிலும் வாசலுக்கு வெளியிலேயே தொப்பியைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் ஒளித்துவிட்டுத்தான் உள்ளே போவார். சொந்த வீட்டுக்குள் கள்ளன் மாதிரி.

ராணி அக்கா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் மாமிசம் புழங்கக்கூடாது, துரைக்கும்தான். அன்றைக்கு வெட்டுக்கிளி கிடையாது. இலையும் பூசணித் துருவலும் மட்டும்.

"துரைக்கு வெள்ளிக்கிழமை தெரியும் பிள்ளை" என்பார் அண்ணை. "சும்மா அளக்காதேங்கோ" என்றேன். ரோஷம் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

மற்ற நாட்களில் அண்ணையைக் கண்டதும் துரை கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டு வெட்டுக்கிளி டப்பா இருக்கும் அலுமாரித் தட்டையே பார்ப்பார். அன்றைக்கு வெள்ளி, வெள்ளிகளில் மட்டும் கொளுத்தும் ஊதுபத்தியை அண்ணை சாமிப் படத்துக்குக் கொளுத்தினார். வாசம் பரவியது... துரை தட்டுப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே இலைக் கிண்ணத்துக்கு நடந்தார். "இப்ப என்ன சொல்லுறாய்?" என்று அண்ணை சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன்.

கூடம் நிறையச் சனம். மேசையில் அண்ணையின் படம். ஞாயிறிலிருந்து அணையாமல் ஊதுபத்தி. ராணி அக்கா என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பிள்ளை, துரை ஞாயிறிலையிருந்து ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. இலை வைச்சன், திரும்பியும் பாக்கேல்லை. வயசு போன சீவன், செத்துப்போகுமோ எண்டு பயமாக் கிடக்கு."

கண்ணாடிப் பெட்டி மூலையில் துரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நிறமே வெளிறிப் போயிருந்தது.

"ஒரு வெட்டுக்கிளி குடுத்துப் பாப்பமோ அக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை அந்த வீட்டில் மச்சம் கிடையாது. உடலை இன்னும் எரிக்கவேயில்லை.

அக்கா விறுவிறென்று கூடத்துக்குப் போய், படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். வெள்ளிக்கிழமை வாசம் வெளியே போக ஜன்னல்களை அகலத் திறந்தார். குளிர் உள்ளே அடித்தது.

"என்னடி செய்யிறாய்? விசரே உனக்கு?" என்று அண்ணையின் தமக்கை பதறி எழும்பினார்.

"இந்த வீட்டுக்கு ஒரு சாவு காணும், இன்னொண்டு வேண்டாம் மச்சாள்" என்றார் அக்கா.

இத்தனை வருசத்தில் அந்த டப்பாவை அவர் தொட்டதேயில்லை. அருவருப்பு. அறைக்குள் வந்து தன் கையாலேயே திறந்தார். ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் துரைக்கு முன்னால் நீட்டினார். "சாப்பிடு ராசா... சாப்பிடு..."

துரை ஒரு கண்ணைத் திறந்தார். பார்த்தார். அசையவில்லை. அக்கா கையை எடுக்கவில்லை. அப்படியே முழங்காலில் இருந்தார்.

பிறகு சட்டென்று நாக்கு வந்தது.

அக்கா எழும்பி, திறந்த கதவுக்குள்ளால் கூடத்துப் பக்கம் திரும்பி, அண்ணையை வழக்கமாகக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டுச் சொன்னார்: "இஞ்சாருங்கோ... துரை சாப்பிட்டிட்டார்!"

சனம் எல்லாம் நிமிர்ந்து பார்த்தது. அக்கா அப்படியே நிலத்தில் குந்தி, அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினார்.

நிம்மதியாப் படுங்கோ அண்ணை.