பிளாஸ்திரி சுற்றிய ஒயர்

அன்று அந்தப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நான், செங்கல்பட்டு உலகநாதன். என் தம்பி மகள் கீர்த்தனா. பட்டறை முதலாளி சாலமோன். அவரிடம் வேலை செய்யும் சிற்பி சின்னராசு. ஐந்தாவதாக ஓர் ஆளைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் யாரும் அன்று மாமல்லபுரத்திலேயே இல்லை.

நடந்தது உண்மை. எழுபத்திரண்டு வயதில் கதை கட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

என் தம்பி தர்மராஜ் மாமல்லபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனான். கடையை இப்போது கீர்த்தனா நடத்துகிறாள். சாலமோன் பட்டறையில் கல்லை முதல் வெட்டு வெட்டுவதற்கு ஒரு மெஷின் உண்டு. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் என் தம்பி கட்டிக் கொடுத்தது. கல் தூசியில் சாதாரண விசிறி வைத்தால் உள்ளே இருக்கும் பிராசசர் சூடாகி நின்றுவிடும். அதனால் அதிவேக விசிறி ஒன்றைப் போட்டிருந்தான். ஓடினால் குளவிக்கூட்டைக் கலைத்தது போல அலறும்.

அந்த விசிறியை அப்படியே மதர்போர்டில் சொருகக் கூடாது. போர்டின் ஊசிகள் ஒரு ஆம்பியர் தாங்கும். விசிறி மூன்று கேட்கும். ஊசி கருகும், பிறகு போர்டு கருகும், கவனிக்காவிட்டால் கூரையும் சேர்ந்து போகும். தம்பி அதற்கு வேண்டிய மின்சாரத்தை பவர் சப்ளை பெட்டியிலிருந்தே நேராக எடுப்பான். நடுவில் சின்ன பியூஸ் ஒன்று வைப்பான். போர்டுக்குப் போவது ஒரே ஒரு மெல்லிய ஒயர்தான். விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று போர்டுக்குச் சொல்வதற்கு.

தம்பி இறந்த பிறகு, அப்படிக் கட்டிய கம்ப்யூட்டர் ஒருநாள் பற்றிக்கொண்டது. கூரைவரை போகாமல் மணலைப் போட்டு அணைத்தார்கள். தர்மராஜ் செய்த ஒயரிங்தான் காரணம் என்று சாலமோன் ஊர் முழுக்கச் சொன்னார். கீர்த்தனாவை வாடிக்கையாகக் கூப்பிடும் ஓட்டல்களில் இரண்டு உடனே கூப்பிடுவதை நிறுத்தின. இன்னும் ஒரு மாதம் அந்தப் பேச்சு ஓடினால் கடையை மூட வேண்டியதுதான். அதைவிட, எங்கள் குடும்பத்தார் கை வைத்த ஒயரிங் எரிந்தது என்ற சொல்லை இதுவரை நான் கேட்டதில்லை. எதிரிலேயே திறந்து காட்டுகிறோம் என்று சாலமோனிடம் சொல்லி அனுப்பினேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுத்தோம். காலை ஒன்பது முதல் ஐந்து வரை ஊரில் எங்கும் கரண்ட் கிடையாது. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் கெஞ்சியது. உட்காரவில்லை. பட்டறையின் பியூஸ் கட்டைகள் இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யூபிஎஸ் பேட்டரியின் ஒயரையும் கழற்றினேன். கரண்ட் இல்லாத நாளில் எதற்கு சார் என்று சாலமோன் சிரித்தார். பழக்கம் என்றேன்.

வெளியே கொட்டகையில் சின்னராசு கல் கொத்திக்கொண்டிருந்தார். டக்... டக்... அந்தச் சத்தம் மட்டும்தான்.

கீர்த்தனா கேபினெட்டைத் திறந்தாள்.

விசிறியின் பிளக் மதர்போர்டில் இருந்தது. ஊசிகள் கருகி ஒட்டிக் கிடந்தன. தம்பி போட்ட ஒயரை யாரோ வெட்டி, வேறு துண்டோடு கையால் முறுக்கி, மேலே பிளாஸ்திரி சுற்றியிருந்தார்கள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.

"அப்பா இப்படிப் போடமாட்டாரு, பெரியப்பா."

"இன்னாம்மா இது, கண்ணு முன்னாடி கீதே," என்றார் சாலமோன். "அவரத் தவிர இதத் தொட்டவங்க யாரு?"

நிமிர்ந்து நின்றேன். அது ஒன்றுதான் முடிந்தது.

கீர்த்தனா அந்த முறுக்கை வெட்டி எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்து மேஜைமேல் வைத்தாள். கொண்டுவந்திருந்த புது போர்டைப் பொருத்தினாள். விசிறியை அவள் அப்பா செய்வது போலவே பவர் சப்ளையில் இணைத்தாள். பியூஸ் வைத்தாள். மெல்லிய ஒயரை மட்டும் போர்டில் சொருகினாள். டார்ச் பிடித்து ஒவ்வொரு இணைப்பையும் நான் பார்த்தேன். சரியாக இருந்தது.

மணி பன்னிரண்டே கால். பக்கத் தகட்டை மூட எடுத்தேன்.

விசிறி அசைந்தது.

கடற்காற்று என்று நினைத்தேன். ஜன்னல் மூடியிருந்தது.

ஒரு சுற்று சுற்றி நின்றது. இன்னொரு சுற்று... பிறகு நிற்கவில்லை.

உய்ய்ய்... என்று எழும்பி, அலறத் தொடங்கியது. உள்ளே தங்கியிருந்த கல் தூசி வெள்ளையாக முகத்தில் அடித்தது.

"கரண்ட் வந்துடுச்சா, பெரியப்பா?"

கை சட்டைப் பைக்குப் போனது. கட்டைகள் இரண்டும் இருந்தன. கம்ப்யூட்டரின் பவர் கார்டு மேஜைமேல் சுருண்டு கிடந்தது. எதிலும் சொருகவில்லை.

"ஆஃப் பண்ணுங்க சார்," என்றார் சாலமோன்.

"எதை?"



அலறல் ஏறியது.

வெளியே உளிச் சத்தம் நின்றது.

பிளாஸ்டிக் கருகும் வாடை...

யாரோ விரலை வைத்து நிறுத்தியது போல விசிறி நின்றது.

டார்ச் அடித்தேன்.

பிளக் போர்டில் இருந்தது.

புது போர்டு. ஊசிகள் கறுத்திருந்தன. தொட்டேன். சுட்டது.

ஒயரில் அதே முறுக்கு. அதே பிளாஸ்திரி.

கீர்த்தனா மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பிரித்தாள்.

காலி.

வாசலில் சின்னராசு நின்றிருந்தார். கையில் உளி. எங்களைப் பார்க்கவில்லை. அந்த ஒயரைத்தான் பார்த்தார்.

"இது அந்த ஊரப்பாக்கத்துக்காரரு கட்டுனது மொதலாளி," என்றார்.

"எந்த ஊரப்பாக்கத்துக்காரரு?"

"நீங்க வேளாங்கண்ணி போயிருந்தீங்களே, அந்தத் திங்கக்கெழம வந்தாரே. மெஷின தொடைக்கச் சொல்லி நீங்கதான வரச் சொன்னீங்க?"

சாலமோன் உட்கார்ந்துவிட்டார். ஜெயக்குமார் என்று ஊரப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக். திங்கள்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் போன் அணைந்தே கிடந்தது. வரவில்லை என்றே சாலமோன் நினைத்திருக்கிறார். யாரும் கேட்காததால் சின்னராசுவும் சொல்லவில்லை.

"டீ வாங்கியாந்து குடுத்தேன், தொடவே இல்ல," என்றார் சின்னராசு. "மெஷினு ஓடிகினு கெடந்துச்சு. ஆஃப் பண்ணட்டா சார்னு கேட்டேன். வேணாம், எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னாரு. ஓடுறப்பவே ஒயர வெட்டி முறுக்குனாரு. கையில ஒட்டியிருந்த பிளாஸ்திரியப் பிச்சி அதுமேல சுத்துனாரு."

எனக்கு அப்போது பயம் போய்க் கோபம் வந்தது. ஓடுகிற மெஷினில் கை வைத்தவன் இவன். பழியைச் சுமந்தது என் தம்பி. அந்த ஆளைக் கையோடு கூட்டிவந்து சாலமோன் முன்னால் நிறுத்த வேண்டும். விசிறி எப்படிச் சுற்றியது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். படியேறி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்தே இருந்தது.

எதிர்ச்சுவரில் ஒரு படம். மாலை. அணையாத சிவப்பு பல்பு.

ஜெயக்குமாரின் மனைவி நாற்காலியை எடுத்துப் போட்டார். ஜெயக்குமார் அச்சரப்பாக்கத்தில் ஒரு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனாராம். மெயினை நிறுத்தாமல் கை வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. சொல்லிச் சொல்லி அந்த அம்மாவுக்கும் அலுத்திருந்தது. குரலில் அழுகைகூட இல்லை.

என்றைக்கு என்று கேட்டேன்.

சாலமோன் வேளாங்கண்ணி போயிருந்தாரே, அந்தத் திங்கள்கிழமைக்கு முந்தின வெள்ளி.

"சனிக்கெழமயே எடுத்துட்டோம் சார். ஊசி போட்ட எடத்துல ஒட்டுன பிளாஸ்திரியக்கூட கையிலேந்து எடுக்கல."

அவர் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

"ஒத்துக்கின வேலய வுடவே மாட்டாரு," என்றார் அந்த அம்மா. "உங்க வேல ஏதாச்சும் பாதியில நிக்கிதா சார்?"

"இல்லம்மா," என்றேன். "முடிச்சுக் குடுத்துட்டார்."

முதலில் சாலமோனிடம் சொன்னேன். அவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டார். ஜெயக்குமார் எதற்காக வந்தார், வந்த பிறகு ஏன் போகவில்லை என்று எங்கள் நால்வருக்கும் தெரியாது.

தர்மராஜ்மேல் தப்பில்லை என்று சாலமோன் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். விட்டுப்போன ஓட்டல்களில் ஒன்று கீர்த்தனாவைத் திரும்பக் கூப்பிட்டது. இன்னொன்று கூப்பிடவில்லை. இப்போது வேறு பேச்சு கிளம்பியிருக்கிறது. இறந்த தர்மராஜ்தான் பட்டறைக்கு வருகிறானாம். கரண்ட் இல்லாத நாளில் விசிறியைச் சுற்றியவன் அவன்தானாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள்.

தவறு. அது என் தம்பி அல்ல. என் தம்பி பியூஸ் இல்லாமல் ஒயர் இழுத்ததில்லை, மெயினை நிறுத்தாமல் எதையும் தொட்டதில்லை. செத்த பிறகும் செய்யமாட்டான்.