பெரிய ட்ரம் வரும் என்று சொல்ல வந்தவர்

குண்டு போடும் பொம்மர் விமானப் பயத்தால் அந்த மாதம் கல்லூரி உதைபந்தாட்டப் போட்டி மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் கல்லூரி பாண்ட் மாஸ்டர் கோப்பாயில் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கூப்பிட்டார். நரைத்த மீசை, கழுத்துவரை பூட்டிய சட்டை. நிற்கும்போதெல்லாம் விரல்கள் சைக்கிள் கைபிடியில் தாளம் போடும். கையில் ஒரு பெயர்ப் பட்டியல். ஆள் பிடிக்க வருபவர்களும் பட்டியலோடு வந்த அந்தக் காலத்தில் அவரை யார் நம்புவார்?

"அண்ணை, மாட்ச் திரும்பவும் மாறிப்போச்சு. நாளைக்குக் காலமை."

"அதுக்கு நான் என்ன கோல் கீப்பரோ?"

அவர் சிரிக்கவில்லை. "மைதானத்துக்குப் பெரிய ட்ரம் அடிச்சுக்கொண்டு இதாலைதான் போவம். போனமுறை சனம் ஷெல் எண்டு பங்கருக்குள்ளை பாய்ஞ்சிட்டுது. வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?"

"நான் மட்டும்தான்."

பொய். உள்ளே மனைவி நிறைமாதமாக இருந்தாள். முந்திய கர்ப்பம், ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்கு ஓடி விழுந்ததில் கலைந்திருந்தது. அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

மறுநாள் தூரத்தில் ட்ரம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு வெகு முன்னரே அது நின்றுவிட்டது. குழல்கள் மட்டும் ஊதிக்கொண்டு எங்கள் வாசல் படலையைக் கடந்தன. ஒழுங்கை முடக்கில் திரும்பிய பிறகே ட்ரம் மறுபடி முழங்கியது.

"உவருக்கு ஆர் சொன்னது?" என்றாள் மனைவி.

என் பொய் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து யோசித்தே, நன்றி சொல்லப் போகாமல் இருந்துவிட்டேன்.