மெழுகில் வைத்துப் பார்க்காத செட்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. வங்கியிலும் வாடகைப் பத்திரத்திலும் மட்டும் அது பிழைத்துக் கிடந்தது. மற்றபடி ஊர்வாயில் அவர் செட்டு. வயதில் மூத்தவர்கள் செட்டு என்பார்கள், இளையவர்கள் செட்டண்ணே என்பார்கள். அவர் மனைவியைக்கூட அக்கம்பக்கத்தில் செட்டு வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள்.

பல் செட் செய்கிறவர், அதனால் வந்த பெயர் என்று புதிதாகக் கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி அவர் வாயால் வந்தது. அதிகம் படிக்காத அவருக்கு ஆங்கிலம் என்று கையில் இருந்தது ஏறக்குறைய அந்த ஒரு வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டே அவர் காலத்தை ஓட்டினார். பல் அச்சில் ஊற்றிய கல்மாவு இறுகினால் செட் ஆச்சு. மூக்குக்கண்ணாடி காதில் சரியாக உட்கார்ந்தால் அதுவும் செட் ஆச்சு. பூட்டுக்கு இரண்டு செட் சாவி, கடிகாரத்தில் அலாரம் செட், கூடவே வேலை பார்த்துப் பழகியவர்கள் நம்ம செட். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “பையன் தங்கமான பையன்தான், ஆனா நமக்கு செட் ஆகாது” என்றார். காய்ச்சலில் கிடந்தபோது எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தவர்களிடம், “உடம்பு இன்னும் செட் ஆகலை” என்றார்.

“அப்பா, அந்த ஒரு வார்த்தையை யாராவது திருடிட்டுப் போயிட்டா நீங்க ஊமைதான்” என்று மகள் கேலி செய்வாள்.

“திருடட்டுமே. இன்னொரு செட் எடுத்து வச்சிருக்கேன்” என்பார்.

எல்லாவற்றிலும் அவர் அதிகம் சொன்னது ‘செட் ஆயிடும்’ என்பதைத்தான். புதுப் பல்லை வாயில் போட்ட யாருக்கும் முதலில் கூழாங்கல்லைக் கவ்விக்கொண்ட மாதிரிதான் இருக்கும். எச்சில் ஊறும், நாக்கு இடம் தெரியாமல் தடுமாறும். பட்டறைக்கே தேடி வந்து புலம்புகிறவர்களின் தோளில் தட்டி, “செட் ஆயிடும், போயிட்டு வாங்க” என்று அனுப்புவார். முக்கால்வாசிப் பேருக்கு ஆகியும்விட்டது. அதனால் அந்தச் சொல்லின்மேல் அவருக்கு மருந்தின்மேல் இருப்பதுபோல் ஒரு நம்பிக்கை. புகுந்த வீட்டிலிருந்து மகள் போனில் அழுதபோதும் அதையே சொன்னார். ஒழுகுகிற வீட்டுக்குக் குடிவந்தபோதும் அதையே சொன்னார். யாருக்கும் பொய் சொல்லவேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. ஆண்டவன் அவருக்குக் கள்ளமில்லாத மனசைத்தான் கொடுத்திருந்தான். நின்று கேட்கிற பொறுமையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டான்.

அவருடைய பட்டறை, பல் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குப் பின்னால் ஒற்றை அறை. டாக்டரம்மா வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதில் மாவை ஊற்றி இறுகவிட்டு உடைத்தால் ஈறு அப்படியே கல்லாக வந்து நிற்கும். அதன்மேல் மெழுகைப் படியவிட்டு, பல்லை ஒவ்வொன்றாக அவர் நிறுத்துவார். இனிமேல்தான் முக்கியமான வேலை. மெழுகில் நிற்கும் அந்தப் பல்லை, போட்டுக்கொள்ளப் போகிறவர் ஒருதரம் வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். பேசவேண்டும், சிரிக்கவேண்டும், கண்ணாடி பார்க்கவேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே தூக்குகிறது என்று சொல்லவேண்டும். மெழுகில் இருக்கும்வரை எதையும் மாற்றலாம். மெழுகை உருக்கி எடுத்துவிட்டு ரோஸ் நிறக் கலவையை அடைத்துக் கொதிநீரில் வேகவைத்துவிட்டால் அப்புறம் சுரண்டலாம், அரத்தால் ராவலாம், அவ்வளவுதான். பல் நின்ற இடம் நின்ற இடம்தான்.

இது அவருக்குத் தெரியாததா? எத்தனையோ பேருக்கு அவரே எடுத்துச் சொன்ன பாடம். சொந்த வீட்டில்தான் கோட்டைவிட்டார்.

அவர் மனைவிக்கு ஈறு கெட்டுப் பல்லெல்லாம் ஆடிப்போயிற்று. மிச்சமிருந்ததையும் டாக்டரம்மா எடுத்துவிட்டார். புண் ஆறும்வரை அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். கஷ்டம் சாப்பாட்டில் இல்லை. கஞ்சியும் கூழுமாக அது ஓடிவிட்டது. பிரார்த்தனைக் கூடத்தில் பாட்டுக்கு முதல் குரல் அவளுடையது. அவள் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் செட்டு, அப்போது பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் மெல்ல இடிப்பார். ‘யார் தெரியுதா’ என்று அர்த்தம். அந்தப் பாட்டு நின்றுபோயிருந்தது. பல் வந்துவிட்டால் பாட்டும் வந்துவிடும் என்று இரண்டு பேருமே காத்திருந்தார்கள்.

“அண்ணே, மெழுகுல ஒருதரம் அக்காவைக் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க” என்றார் டாக்டரம்மா.

“எதுக்குங்க? இத்தனை வருஷம் எதிர்ல உட்கார்ந்து பார்த்த வாய். எனக்குத் தெரியாதா?”

கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதைப் பார்த்துப் பார்த்துப் பல் நிறுத்தினார். படத்தில் அவள் சிரிப்பது எப்படியோ அதேபோல, முன்பல் கொஞ்சம் தெரியும்படி, ஒரு நூல் உயரமாகவே வைத்தார். அன்றிருந்த தாடை இன்று இல்லை, ஈறு தேய்ந்து முகம் இறங்கிவிட்டது என்பது அவர் கைக்குத் தெரியும். ஆசை அந்தக் கையைக் கேட்கவில்லை. சொல்லாமல் செய்து முடித்து அவள் உள்ளங்கையில் வைத்து அசத்தவேண்டும் என்று நேரே வேகவைத்துவிட்டார்.

போட்டுப் பார்த்த அன்றே அவள், “கொஞ்சம் இடிக்குதுங்க” என்றாள்.

“செட் ஆயிடும்மா” என்றார். படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, “அப்படியே இருக்கே!” என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு எதிரில் அவள் என்ன சொல்வாள்?

கூடத்துக்கு ஒருதரம் போய்ப் பாடிவிட்டு வந்தாள். அவர் அன்று ஒரு வீட்டுக்குப் பல் கொடுக்கப் போயிருந்தார். மறுவாரம் தொண்டை கட்டிக்கொண்டது என்றாள். அதற்கடுத்த வாரமும் தொண்டைதான். அவர் தேன் வாங்கி வந்தார், வெந்நீர் போட்டுக் கொடுத்தார். “வயசாச்சுல்ல, தொண்டையும் கொஞ்சம் மெதுவாத்தான் செட் ஆகும்” என்று தேற்றினார். அப்படியே மழைக்காலம் போயிற்று, வெயில் காலமும் வந்தது. அவளும் இரண்டாம் முறையாக ஒருநாள் பல்லைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அவர் ஏதோ வேலையாக இருந்தார். அதே பதில்தான்.

ஒருநாள் மத்தியானம் பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று வந்தார். மாடிப்படி ஏறும்போது பாட்டுக் கேட்டது. முதலில் மேல்வீட்டு ரேடியோ என்று நினைத்தார். இரண்டு படி ஏறியதும் குரல் பிடிபட்டது. ராகம் துளி பிசகவில்லை. வார்த்தைகள்தான் ஓரம் தேய்ந்து, பல் முளைக்காத பிள்ளை பேசுவதுபோல் வழுக்கி வழுக்கி வந்தன. கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் குவளை இருந்தது. அதற்குள், அவர் கல்யாணப் படம் பார்த்து நிறுத்திய பல்லெல்லாம் தண்ணீரில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தது.

சாவி போட்ட சத்தத்தில் பாட்டு பட்டென்று நின்றது. உள்ளே போவதற்குள் குவளை காலியாகியிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இந்த நேரத்துல?”

“கரண்ட் போயிடுச்சு. பாடிட்டு இருந்தியா?”

“நானா? ரேடியோவா இருக்கும்.”

“ரேடியோ செட்டுதான் ரிப்பேருக்குப் போயிருக்கே.”

அவள் குழாயைத் திருகி மூடினாள்.

“அதைக் கழட்டும்மா. கழட்டிட்டு எங்கிட்டப் பேசு.”

அவள் திரும்பி நின்று கழற்றினாள். முந்தானையை வாய்க்குக் கொடுத்துக்கொண்டுதான் பேசினாள். “பேசினா டக்கு டக்குன்னு ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. பாடினா தாளம் போடற மாதிரி ஆயிடுது. கூடத்துல முன்னால உட்கார்ந்திருந்த பிள்ளைங்க சிரிச்சிட்டுதுங்க. அதுங்க மேல தப்பில்ல, எனக்கே சிரிப்பு வந்திடுச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே. செட் ஆயிடும்னீங்க. அப்புறமும் சொன்னேன். எத்தனை பேருக்குச் செஞ்ச கை, உங்களுக்குத் தெரியாதான்னு நானும் பார்த்துட்டே இருந்தேன்.” கழற்றிய பல்லைக் குவளைத் தண்ணீரில் போட்டாள். “எல்லாருக்கும் செட் ஆகுது, எனக்குத்தான் ஆகத் தெரியல போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். வாங்கிக் கொடுத்த தேனெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அதை வாங்கிக் குடித்தாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். “இனிமே எதுக்குங்க, பழகிடுச்சு” என்றவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனார். டாக்டரம்மா குத்திக்காட்டவில்லை, புதிதாக அச்செடுத்தார். இந்த முறை படம் சுவரிலேயே இருந்தது. மெழுகில் பல் நிறுத்தி, நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அவரே எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

“எங்கயாவது இடிக்குதாம்மா?”

“இல்லைங்க. நல்லா இருக்கு.”

“நிஜமா?”

“நல்லாத்தான் இருக்கு.”

நல்லா இருக்கிறதா, நல்லா இருக்கிறது என்று சொல்லப் பழகிவிட்டாளா? இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகத்தில் அதைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை.

“ஒரு வரி பாடேன்.”

“இங்கயா? சும்மா இருங்க.”

டாக்டரம்மா, “நான் கை கழுவிட்டு வந்துடறேன்” என்று வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, மிகச் சன்னமாக ஒரு வரி எடுத்தாள். வரி முடிகிற இடத்தில் ‘டக்’ என்றது.

“கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சு.” அந்தச் சத்தத்துக்காக அவர் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். மெழுகை வாங்கி, சின்னக் கரண்டியைச் சூடாக்கி, பல்லைத் துளி இறக்கினார். மறுபடி பாடினாள், மறுபடி இறக்கினார். டாக்டரம்மா அன்று வெகுநேரம் கை கழுவினார். கடைசியில் அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

புதுப் பல் நன்றாகவே அமைந்தது. இடிக்கவில்லை, சாப்பிட முடிந்தது. ஆனால் கூடத்தில் முதல் குரலுக்குத் தையல்காரர் மனைவி வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பெரியவர்கள் கூப்பிட்டும் இவள் போகவில்லை. “அவங்க நல்லாத்தான் பாடறாங்க. நடுவுல போய் நான் எதுக்கு” என்று பின்வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிறாள். ஆண்கள் பக்கத்திலிருந்து செட்டு காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், அவள் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவரை இடிக்க முழங்கைக்கு வேலையும் இல்லை.

பட்டறையில் யாராவது பல் இடிக்கிறது என்று வந்தால், “எங்க? விரல் வச்சுக் காட்டுங்க” என்கிறார். செட்டண்ணனுக்கு என்ன ஆயிற்று, அந்த வார்த்தையைக் காணோமே என்று பழகியவர்கள் கேட்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுகிறார். கூடத்தில் கண்ணை மூடும்போது, சொன்னதைக் கேட்கிற காதைக் கொடு என்று மட்டும் வேண்டிக்கொள்கிறார். காது இப்போது வந்திருக்கிறது. கேட்கவேண்டியது பாதி போய்விட்டது.

வீட்டில் தனியாக இருக்கும்போது அவள் இன்னமும் பாடுகிறாள். வார்த்தையெல்லாம் இப்போது மணிமணியாக விழுகிறது. ஆனால் சாவி போடும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுகிறாள். வேண்டுமென்று இல்லை, அந்தப் பழைய பல் இருந்த காலத்துப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் போய் அவளிடம் எப்படிக் கேட்பது?

அதனால் பட்டறையிலிருந்து வந்ததும் அவர் உடனே கதவைத் திறப்பதில்லை. மாடிப்படியில், ஜன்னலுக்குக் கீழே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். மேல்வீட்டுக்காரர் இறங்கி வரும்போது பார்த்துவிட்டு, “என்ன செட்டு, சாவியை மறந்துட்டியா?” என்று கேட்பார்.

“ஆமாண்ணே, மறந்துட்டேன். மெதுவாப் பேசுங்க” என்கிறார். சாவி அவர் கைக்குள் இருக்கும். சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்திருப்பார்.