எல்.இ.டி. போதும் என்றவன்

கஞ்சாச் செடிக்கு எல்.இ.டி. விளக்கே போதும் என்று சொன்னவன் நான்தான். விருத்தாசலத்தில் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தும் நான்!

அதிர்ச்சியாக இருக்கிறதா உங்களுக்கு? எனக்கே இன்னும் தீரவில்லை...

என் தங்கை கணவர் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார். பொம்மை காயவைக்கும் அறைக்கு ஒருநாள் என்னை அழைத்துப் போனார். பச்சைமண் பிள்ளையார்கள் இருக்கவேண்டிய பலகைகளில் செடித் தொட்டிகள்! இலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 

“மச்சான், குண்டு பல்புல எலை கருவுது. எல்.இ.டி. சரிப்பட்டு வருமா?” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிடுங்கி எறி என்றல்லவா! ஆனால் என் வாயில் வந்தது பாடம். “தாராளமா வரும் மாப்ள. சூடு கம்மி, வேண்டிய வெளிச்சமும் கெடைக்கும்.” விடை தெரிந்த கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. வாத்தியார் புத்தி! தங்கையின் வாழ்க்கைக்காக வாயை மூடிக்கொண்டேன் என்பதெல்லாம் பிறகு தேடிப்பிடித்த சாக்கு.

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் அஞ்சலை. பொம்மைகளுக்கு வண்ணம் தீட்ட நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அன்றைக்கே என்னிடம் கேட்டாள்: “மருந்துச் செடின்னு மொதலாளி சொல்றாரு. மெய்தானுங்களா சார்?”

“மருந்துச் செடிதாம்மா. ஊத்து,” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனேன். எதற்கு? நான் சொன்னது பலித்ததா என்று பார்க்க... ஆம், அந்த ஆசைதான்! வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. மாப்பிள்ளை முந்தியே கம்பி நீட்டிவிட்டிருந்தார். காயவைக்கும் அறைக்கு வெளியே அஞ்சலை மட்டும் கையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில்தான் எவ்வளவு நிம்மதி!

“தோ, சாரே வந்துட்டாங்க! சார், மருந்துச் செடின்னு நீங்கதான சொன்னீங்க? சொல்லுங்க சார்!”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

“நான் இந்த ரூமுக்குள்ள வந்ததே இல்லீங்க,” என்றேன்.

என் குரலா அது? ஒரு தடுமாற்றமும் இல்லாமல், வகுப்பில் பேசுவதுபோல அத்தனை தெளிவாக!  அஞ்சலையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது ஜாமீனில் வந்திருக்கிறாள். சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் வந்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருக்கலாம்!

“வக்கீலு உங்க மேல சந்தேகப்படுறாரு சார். சாரு மறந்துட்டிருப்பாங்க, பொய் சொல்ற ஆளு இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன். ஞாபகம் வந்தா கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். அடுத்த செவ்வாக்கெழம வாய்தா.”

“சரிம்மா,” என்றேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. நான் பத்தாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன்...