தறியில் இருந்த நானா

'நானா' என்ற சொல் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு நானா என்றால் அப்பா. ஜரிகை விற்க வரும் பாயை அவர் பேரன் நானா என்பான். அவனுக்கு அது அம்மாவின் அப்பா. கோயிலில் குருக்கள் நானாவித மலர்கள் என்று அர்ச்சனை செய்தால், அங்கே பலவகை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் விரலை நீட்டினால், மாட்டிக்கொண்டவள் நெஞ்சில் கைவைத்து, "நானா டீச்சர்?" என்பாள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எதிர்வீட்டுப் பெண் என் வகுப்புதான். அவள் அப்பா காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் நெய்து முடித்த பாவின், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலின், கடைசி இழைகள் தறியிலேயே நின்றன. நெசவுக்காரர்கள் நாங்கள் தறியை வெறுமையாக விடுவதில்லை. பழைய இழைகளின் நுனியை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைப்போம். இனித் தானே நெய்வதாக அவள் அம்மா சொல்லிவிட, பிணைத்துக் கொடுக்க என் அப்பா போனார். நானும் கூடப் போனேன்.

அவள் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதம்மா. உங்க நானா இழை தறியிலதான் இருக்குது. அதைப் புடிச்சிக்கினுதான் புதுசே வருது" என்றார் அப்பா.

சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை. அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் தறிப்பக்கம் குனிந்து, "நானா" என்று கூப்பிட்டு, வந்துவிட்டேன் என்று தெலுங்கில் சொல்வாள். எனக்குப் பயமாக இருக்கும். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். உயிரோடு இருந்த என் அப்பாவிடம் நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சேலை முடிந்ததும் அறுத்துக் கொடுக்க அப்பாவையே கூப்பிட்டார்கள். சேலையின் தொடக்கத்தில் தொங்கிய பழைய இழைகளை முடிச்சோடு கத்தரித்து ஓரமாகப் போட்டார். எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். அவள் கீழே கிடந்ததையே பார்த்தாள்.

"மாமா, இப்போ தறியில யாரு இழை இருக்குது?"

அப்பா கத்தரிக்கோலை வைத்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் தறிப்பக்கம் போய்க் கூப்பிடவில்லை. பெண் தேறிவிட்டாள் என்று தெருவே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வகுப்பில் டீச்சர் கைகாட்டினால் மட்டும், எங்களைப் போல "நானா?" என்று கேட்கமாட்டாள். பேசாமல் எழுந்து நிற்பாள். எவ்வளவு திமிர் பார் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.