அண்ணி கட்டிய ஆறு வோல்ட்டு

பச்சை நிறத்தில் ஒரு சோப்பு டப்பா. மூடியில் இரண்டு ஓட்டை, அதன் வழியாகச் சிவப்பும் கறுப்புமாய் ஒயர்கள். உள்ளே வெறும் சோப்பு இருந்திருந்தால் அதை இத்தனை வருடம் கழித்து நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அதில் இருந்தது என் அண்ணியின் பிடிவாதம். இன்றைக்குக் கடலுக்குப் போகிற பையன்கள் செல்போனைத் தடவிவிட்டுக் காற்று எப்போது வரும் என்று சொல்லிவிடுகிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், நானும் அண்ணனும் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனபோது, எங்களுக்கு வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

அண்ணி திருவொற்றியூரில் ரேடியோ பாகங்களைப் பூட்டுகிற ஒரு கம்பெனியில் ஈயம் உருக்கி ஒயர்களைப் பற்றவைக்கிற வேலை பார்த்தாள். தன் கல்யாண நகையைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. சொந்தச் சம்பளத்தில் வாங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பற்றி மட்டும் அலுக்காமல் பேசுவாள். முந்தின ஐப்பசியில் அண்ணன் காற்றில் சிக்கி மறுநாள்தான் கரை சேர்ந்தான். புதுப்பெண்ணான அவள் அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் துறையிலேயே நின்றாள். அடுத்த மழைக்குள் ரேடியோ அவனோடு கடலுக்குப் போக வேண்டும், புயல் என்று செய்தி சொன்னால் அவன் திரும்பி வந்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ரேடியோவுக்கு வேண்டியது ஆறு வோல்ட்டு. டார்ச்சுக்குப் போடும் கட்டை பேட்டரி உப்புக்காற்றில் சீக்கிரமே பொங்கிப் போகும். எஞ்சினைக் கிளப்பும் பெரிய பேட்டரியோ பன்னிரண்டு வோல்ட்டு. அண்ணன் யாரையும் கேட்கவில்லை. அந்தக் காலத்துப் பேட்டரியில் ஆறு அறைகளையும் இணைக்கிற ஈயப் பட்டைகள் மேலேயே தெரியும். மூன்றாவது அறையோடு ஒயரைச் சுற்றி, சரிபாதியை ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டான். பிடித்த மீனைப் பங்கு போட்டே பழகிய கை, பேட்டரியையும் பங்கு போட்டது. ரேடியோ பிரமாதமாகப் பாடியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

சில நாள் கழித்து எண்ணூருக்கு நேரே நடுக்கடலில் எஞ்சின் கிளம்ப மறுத்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். ஏலம் போடுகிறவர்களும் கூடைக்காரப் பெண்களும் வேடிக்கை பார்க்க, இழுபட்டு வந்ததில் அண்ணனுக்கு மானமே போய்விட்டது. ரேடியோவைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்து, இனிமேல் இது படகில் ஏறாது என்று சொல்லிவிட்டான்.

அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. நடந்ததை விசாரித்துவிட்டுச் சிரித்தாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சல்.

"ஆறு பேரு வலை இழுக்கறீங்க. அதுல மூணு பேரை மட்டும் பகல் பூரா பாட வெச்சிட்டு, அப்பால ஆறு பேரும் சேர்ந்து இழுங்கன்னா எப்டிய்யா இழுப்பான்?" என்றாள்.

விஷயம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. ரேடியோ அந்த மூன்று அறைகளைத்தான் உறிஞ்சியிருக்கிறது. ஆறு அறைகளும் சேர்ந்து தர வேண்டிய முழுப் பன்னிரண்டையும் எடுத்து, அதை வழியில் ஆறாகக் குறைக்க வேண்டும் என்றாள். குறைத்தால் மட்டும் போதாதாம். எஞ்சின் ஓடினால் பேட்டரி பதினாலுக்கு ஏறும், நின்றால் இறங்கும். எது எப்படி ஆடினாலும் ரேடியோவுக்கு ஆறுதான் போக வேண்டும். அதற்காக ஒரு ஜீனர் டயோடு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர் என்று ரேடியோவுக்குள் இருக்கிற மாதிரி மூன்று பொடிச் சாமான்களை வாங்கிப் பற்றவைத்துச் சோப்பு டப்பாவில் அடைத்தாள்.

அண்ணன் அதைத் தொடவே இல்லை. கரையிலேயே காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் கடலில் எறிந்துவிடு என்று அவள் கெஞ்சலும் மிரட்டலுமாகச் சொன்ன பிறகு இறங்கிவந்தான். ஆனால் எங்கள் பக்கம் பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது. ஆகவே பேட்டரியிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, அண்ணி துறையில் மீன்கூடைகளுக்கு நடுவே, மடியில் ரேடியோவும் கையில் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த மீட்டருமாக உட்கார்ந்தாள். எஞ்சினைக் கிளப்பச் சொன்னாள், நிறுத்தச் சொன்னாள், மறுபடி கிளப்பச் சொன்னாள். பேட்டரியிலிருந்து வந்த ஒயரில் மீட்டரை வைத்தால் முள் ஏறி இறங்கியது. டப்பாவுக்கு அந்தப் பக்கம் வைத்தால் ஆறிலேயே நின்றது. கூடைக்கார அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, தன் வீட்டுக்காரர் கோபத்துக்கும் இப்படி ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்டதில் துறையே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டான். ஒயரைச் சுருட்டி, ரேடியோவையும் டப்பாவையும் படகுக்குள் எடுத்துப்போனான். எந்த முனையை எதில் கட்டுவது என்று அவள் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் இரண்டு தடவை தப்பாகக் கட்டப்போய்த் திட்டு வாங்கினான்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு மத்தியானம் நாங்கள் கடலில் இருந்தபோது ரேடியோவில் புயல் செய்தி வந்தது. வானம் அப்போது வெளுப்பாகத்தான் இருந்தது. அண்ணன் ஒரு நிமிடம் ரேடியோவையே பார்த்தான், பிறகு படகைத் திருப்பினான். கண்ணில் பட்ட படகுகளுக்கெல்லாம் நான் துண்டை ஆட்டிக் கத்தினேன். எங்களை இழுத்துவந்த படகும் எங்கள் பின்னாலேயே வந்தது. எல்லோரும் கரை சேர்ந்த பிறகுதான் காற்று அடித்தது. எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்பெனி விட்டு நனைந்துகொண்டு ஓடிவந்த அண்ணி, அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, "பக்கத்து போட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு செஞ்சி குடுமே. கேக்கறாங்க" என்றான்.

"செய்றேன். ஆனா கரையில நின்னு கத்த என்னால ஆவாது. நானே உள்ள வந்துதான் மாட்டுவேன்."

அண்ணன் துண்டைக் கொடியில் போட்டான். "மொதல்ல நம்ம போட்டுல ஏறு" என்றான்.