போர்வைக்குள் வந்த வலிப்பு

என் தங்கைக்கு வாய் நீளம். தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுக்கிறாள். மெஷின் சத்தத்தையும் மீறி அவள் சூப்பர்வைசரைக் கிண்டலடிப்பது அடுத்த வரிசை வரை கேட்கும். அப்படிப்பட்டவளின் வாயை அடைத்தது மகளின் வலிப்பு ஒன்றுதான். பஸ்ஸிலோ கடையிலோ பிள்ளைக்குக் கை இழுக்கத் தொடங்கினால், கண் மூடித் திறப்பதற்குள் சால்வையால் மூடிவிடுவாள். "நாலு பேர் பார்த்தா என்னடி, கண்ணு அவிஞ்சா போயிடும்?" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! கேட்டால்தானே.

எந்த மாத்திரைக்கும் அடங்காமல் போன பிறகுதான் ஆபரேஷன் பேச்சு வந்தது. மூளையில் ஒரே இடத்திலிருந்து வலிப்பு கிளம்பினால், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். உருளைக்கிழங்கில் சொத்தையைத் தோண்டுவதுபோல என்று தங்கை எனக்கு விளக்கினாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தலை முழுக்க ஒயர் ஒட்டி, எதிரே கேமரா வைத்து, மாத்திரையைக் குறைத்தார்கள். வலிப்பு வந்தால்தான் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியுமாம். "வந்தா பட்டனை அழுத்திட்டு ஒதுங்கிடுங்க. எந்தக் கை முதல்ல இழுக்குதுன்னு கேமராவுல தெரியணும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். பெற்றவள் உட்கார்ந்து, "வந்து தொலையேன்" என்று வலிப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்ன கொடுமை!

வந்தது. நான் பட்டனை அழுத்தினேன். தங்கையோ போர்வையை இழுத்துப் பிள்ளையைத் தலையோடு மூடிவிட்டாள். நர்ஸ் ஓடி வந்து விலக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அடிப்பாவி! பார்க்கணும்னுதானே வந்திருக்கோம்!"

"கை தானா போயிடுச்சுக்கா" என்று அழுதாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவள் கைகளை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலிப்பெல்லாம் ஒழுங்காகப் பதிவானது.

கடைசி நாள் டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஒரு தடவை இடப்பக்கம் கிளம்புது, ஒரு தடவை வலப்பக்கம். நிறைய இடம்மா. எதை எடுக்கிறது?"

"நான் மூடினதாலயா டாக்டர்?"

"இல்லம்மா. மத்ததெல்லாம் தெளிவா இருக்கு. நெஞ்சுப் பக்கம் தோலுக்கடியில சின்னக் கருவி வச்சு, கழுத்து நரம்பைத் தூண்டிப் பார்க்கலாம்."

"நின்னுடுமா?"

"குறையலாம். நிக்கும்னு சொல்ல முடியாது."

"எங்கயாச்சும் ஒரு இடம் பார்த்து வெட்டுங்க டாக்டர். உங்களைக் கும்பிடுறேன்" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். டாக்டர் அந்தக் கருவியின் படத்தை அவள் பக்கம் நகர்த்தினார். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது, நர்ஸ் பிள்ளையின் முடியிலிருந்து பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, என் தலையை வெட்டித் திறப்பாங்களா?"

"இல்லடா கண்ணு. தலையில ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம்."

"ஹைய்யா!" என்று கட்டிலில் குதித்துக் கைதட்டினாள். பிறகு தங்கையின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "நீ ஏம்மா சிரிக்கல?" என்றாள்.